லேப்ரடார் பாறையும் அக்காவின் துப்பட்டாவும்

சிங்கப்பூரின் லேப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பலகைப் பாதையில் நடந்து கடற்கரைக்குப் போனோம். அக்கா பழைய பீரங்கிகளைப் பார்க்க வந்தவள். நான் பாறை பார்க்க.

"சரிஞ்சு கிடக்கு, அவ்வளவுதானே லா?" என்றாள்.

அந்தச் சரிவில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் மணலும் சேறும் பாய் விரித்தது போலக் கிடையாகத்தான் படியும். இங்கே மணற்கல்லும் சேற்றுக்கல்லும் அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கின்றன. படிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்புறம் இரண்டு நிலத்துண்டுகள் மோதின. சிபுமாசு என்று பெயர் வைத்திருக்கும் மேற்குத் துண்டு கிழக்கே வந்து இடித்த அந்த நெருக்கலில் அடுக்குகள் மடிந்தன. பக்கத்திலிருக்கும் கென்ட் ரிட்ஜ் குன்றும் ஃபேபர் மலையும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடப்பதும் அந்த மடிப்பின் வாக்கில்தான்.

"மடிஞ்சதையே திரும்ப மடிச்சா என்னடா ஆகும்?"

கேட்டாளே! அவளுடைய கோடு போட்ட துப்பட்டாவை வாங்கி பெஞ்சில் விரித்தேன். இரண்டு பக்கமும் தள்ளினால் நீளவாக்கில் மேடும் பள்ளமும். அதையே குறுக்கே தள்ளினால் முட்டைத் தட்டு மாதிரி குமிழும் குழியும். முதல் மடிப்பை அதே வாக்கில் இன்னொரு முறை வளைத்தால், கோடுகள் தூண்டில் முள்ளாகச் சுருள்கின்றன. இந்தச் சுருளில் எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்: எந்த மடிப்பின் நடுக்கோடு வளைந்திருக்கிறதோ, அதுதான் மூத்தது. துப்பட்டாவில் மணல் ஒட்டியதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

லேப்ரடாரில் தூண்டில் முள் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதைப் பார்த்தது சாயங்காலம், அக்கா வீட்டுச் சமையல் மேடையில். இந்தியாவிலிருந்து வந்த கிரானைட் என்று சொல்லி விற்ற கல். உண்மையில் அது நைஸ் (gneiss) என்ற, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், அறுநூறு எழுநூறு டிகிரிச் சூட்டில், முழுதாக உருகாமலே மாவு போல இளகி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை மடிந்தது. கடைக்காரர்களுக்குப் பளபளப்பது எல்லாமே கிரானைட்தான்!

சிங்க் ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு போய், திரும்பி, மறுபடியும் திரும்பியது. விரலால் தடவிக் காட்டினேன். அக்கா ரைஸ் குக்கரை நகர்த்திவிட்டு, அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று குனிந்து தேடினாள்.