பாலாற்று மணலும் ராடார் படமும்

2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது நான் வேலூரில்தான் இருந்தேன். 1903-ல் வாணியம்பாடியை அடித்துப்போன வெள்ளத்துக்கு அப்புறம் இப்படி வந்ததில்லை என்று ஊரே பேசியது. அந்த வெள்ளத்தைக் கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டி, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடும் வேலை அடுத்த மாதமே எனக்கு வந்தது.

மேகம் மூடிய நாட்களில், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் ராடார் படம்தான் கைகொடுக்கும். ராடார் அலை சாய்வாக வந்து தண்ணீரில் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல எதிர்ப்பக்கம் போய்விடும், அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கோடையில் எடுத்த படத்தையும் வெள்ளத்துப் படத்தையும் வைத்து, புதிதாகக் கறுத்த இடமெல்லாம் வெள்ளம் என்று கணக்குப் போட்டேன். கரையோர வயலில் வெள்ளம், ஆற்றுக்குள் ஒன்றுமில்லை என்று வந்தது! இரண்டு நாள் என் நிரலில் தப்பைத் தேடினேன். தப்பு அங்கே இல்லை. காய்ந்த மணலும் ராடாருக்குக் கறுப்புதான். கோடையிலும் கறுப்பு, வெள்ளத்திலும் கறுப்பு, அப்புறம் மாற்றம் எப்படித் தெரியும்?

சரி என்று படுகையைக் கையால் வரைந்து தண்ணீரில் சேர்த்தேன், மாடல் படத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் மதிப்பெண் ஜம்மென்று ஏறியது. மாடலும் படமும் இரண்டுமே தண்ணீர் என்று சொல்லும் பரப்பை, ஏதாவது ஒன்றாவது தண்ணீர் என்று சொல்லும் பரப்பால் வகுத்தால் வருவது அது. ஆனால் பாலாறு அவ்வளவு அகலம், மாடலை எப்படி ஓட்டினாலும் படுகை நனையத்தான் செய்யும். கரையைத் தாண்டி எந்தத் தெருவரை வந்தது என்பதுதானே ஜனங்களுக்கு வேண்டியது? படுகையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். மதிப்பெண் விழுந்தது, விழட்டும்.

விரிஞ்சிபுரம் பக்கம் நேரில் போனபோது ஒரு பெரியவர் மோட்டார் கொட்டகைச் சுவரில் இருந்த கறையைக் காட்டினார். "இன்னா தம்பி, மாரளவு தண்ணி நின்னுது, படத்துல இல்லன்றியே?" சுற்றிலும் சீமைக் கருவேலம். அலை தண்ணீரிலும் தண்டிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்பிவிடும், படத்தில் கறுப்புக்குப் பதில் வெளிச்சமாக விழும். அங்கே மாடல் சொன்னதுதான் சரி.

வேறு சில இடங்களில் மாடல்தான் தப்பு. நான் போட்டிருந்த நில உயரம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து அளந்தது. அதற்கப்புறம் இந்த ஆற்றில் எவ்வளவு மணல் அள்ளினார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிஜத்தில் படுகை ஆழம், மாடலில் மேடு, அதனால் மாடல் தண்ணீரை வயலுக்குத் தள்ளியது. படுகையின் உரசலைக் குறைத்துப் போட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, பரப்பு படத்தோடு பொருந்திவிடும். முதலில் நானும் அதைத்தான் செய்தேன், செய்திருக்கக் கூடாது. பரப்பு பொருந்தும், ஆழமும் வேகமும் பொய்யாகிவிடும். அப்புறம் லெவல் கருவியோடு ஆற்றில் இறங்கிக் குறுக்குவாட்டில் அளந்து, படுகையைத் திருத்திப் போட்டோம்.

பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் கறை போய்விடும் என்று அதற்கு முன்பே வீடு வீடாகப் போய் டேப் வைத்து அளந்தோம். இப்போது மாடலைப் படத்தோடும் அந்தச் சுவர்களோடும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறேன்.