பேட்டில்ஃபீல்ட் 6: சுடத் தெரியாதவனும் பிழைக்கலாம்

சுடுவதில் நான் சுமார்தான். எதிரே வருகிறவன் என்னைப் பார்த்து, யோசித்து, திரும்பிச் சுடுகிற வரைக்கும் என் குறி அவன் தோளுக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நான் நேற்று ராத்திரி பேட்டில்ஃபீல்ட் 6 என்கிற போர் வீடியோ கேமில், கெய்ரோ மேப்பில் (ஆடுகிற களம்) எங்கள் அணியிலேயே முதலிடம். கொன்ற கணக்கு ஒற்றை இலக்கம். மற்ற புள்ளியெல்லாம் விழுந்து கிடந்தவர்களை இழுத்துப் போட்டு எழுப்பியதில் வந்தது. ஸ்கோர்போர்டைப் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினால், “ஏல, ஆம்புலன்ஸ் ஓட்டியா சம்பாதிச்ச?” என்று பாளையங்கோட்டைக்காரன் கேட்கிறான். கேட்கட்டும்.

கேம் ஓடியதே பெரிய கதை. செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் விடுகிற பாதுகாப்பு) இல்லாமல் திறக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏமாற்றி ஆடுகிறவர்களைத் தடுக்கிற ஜாவலின் ஆன்டி-சீட் அதைக் கட்டாயம் கேட்கிறது. என் விண்டோஸ் எம்பிஆர் என்கிற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தது. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற இடம்) சிஎஸ்எம் என்கிற பழைய முறை ஆதரவை அணைத்தால் டிஸ்க்கே கண்ணில் படாது. அணைக்காவிட்டால் செக்யூர் பூட் வராது. கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும், அதற்குத் தனியாக ஒரு தொகை என்றார்கள். ஒன்றும் வேண்டாம். விண்டோஸிலேயே எம்பிஆரை ஜிபிடி என்கிற புது முறைக்கு மாற்றுகிற கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, முதலில் சரிபார்க்கச் சொல்லி, பிறகு மாற்றச் சொன்னால் போதும்; அப்புறம் சிஎஸ்எம்-ஐ அணைத்து செக்யூர் பூட்டைப் போட்டுவிடலாம். ஃபைல் ஒன்றும் போகாது. இருந்தாலும் கல்யாண போட்டோவையெல்லாம் முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் அடி வாங்க முடியாது.

சரி, கேமுக்கு வருவோம். 2021-இல் வந்த முந்தைய பாகம் பேட்டில்ஃபீல்ட் 2042-ஐ வாங்கி வயிறெரிந்தவர்கள் நம்மில் அதிகம். வகுப்புகளை, அதாவது ஆட்டக்காரர்களின் வேலைப் பிரிவுகளை, தூக்கிவிட்டு ஆளுக்கொரு ஸ்பெஷலிஸ்ட் (தனித்திறமை உள்ள பாத்திரம்) என்று அதில் கெடுத்து வைத்திருந்தார்கள். இதில் அசால்ட், எஞ்சினியர், சப்போர்ட், ரீகான் நான்கும் திரும்பி வந்துவிட்டன. எந்த வகுப்பும் எந்தத் துப்பாக்கியும் எடுக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கியை வகுப்போடு கட்டிப்போட்ட ஆட்டப் பிரிவு (பிளேலிஸ்ட்) தனியாக இருக்கிறது, நான் அங்கேதான் ஆடுகிறேன்.

இப்போது இழுப்பது பற்றி. இதைப் பேசத்தான் உட்கார்ந்தேன்.

விழுந்தவன் பக்கத்தில் போய் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவன் கவசத்தைப் பிடித்துக்கொள்வோம். அப்படியே நகர்ந்தால் அவனும் கூட வருவான். இழுக்கும்போதே எழுப்பும் வேலையும் நடக்கும். கேட்க ரொம்ப எளிது. ஆனால் முகம் அவன் பக்கம், நடை பின்பக்கம், கையில் துப்பாக்கி கிடையாது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா, டாங்கி வருகிறதா, ஒன்றும் தெரியாது. இந்த கேமில் சுவரெல்லாம் உடைகிறதால், போன தடவை ஒளிந்த இடத்தில் இந்தத் தடவை செங்கல் குவியல்தான் கிடக்கும். சந்து முனையில் ஆளைத் திருப்புவது, நெல்லையப்பர் தேரை ரத வீதி முக்கில் திருப்புகிற மாதிரி. வளைவுக்கு முன்னாலேயே கொஞ்சம் அகலமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டிப் போனால் அங்கேயே நின்றுவிடும்.

எனக்குப் பிடிபட்ட வரிசை இதுதான். ஆள் விழுந்ததும் ஓடாதே. அவனைச் சுட்டவன் இன்னும் அதே ஜன்னலில்தான் இருப்பான், அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டு. முதலில் ஸ்மோக், அதாவது புகைக்குண்டு. அதையும் விழுந்தவன் தலையில் போடக் கூடாது. அவனுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் போட வேண்டும். தலைமேல் போட்டால் புகைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சுடுவான்கள். புகை நன்றாக விரிகிற வரைக்கும் பொறுத்து, போகிற வழியிலேயே எந்தப் பக்கம் பின்வாங்குவது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பிடிக்க வேண்டும்.

டிஃபிப் இருக்க இழுப்பானேன் என்று கேட்பீர்கள். சப்போர்ட் வகுப்பில் அந்த மின்சார அதிர்ச்சி சட்டென்று எழுப்பிவிடும், உண்மைதான். ஆனால் எழுந்தவன் அதே வெட்டவெளியில் எழுந்து, அதே ஜன்னலுக்கு மறுபடி பலியாவான். புள்ளி நமக்கு, சாவு அவனுக்கு. அதற்கென்றே சில கோட்டிக்காரன்கள் இருக்கிறார்கள். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் புள்ளி சேர்ப்பான்கள். வெட்டவெளி என்றால் இழு, சுவர் மறைவு இருந்தால் டிஃபிப். மற்ற வகுப்புக்காரர்கள் தங்கள் ஸ்குவாட் (அணிக்குள் இருக்கிற சின்னக் குழு) ஆளைத்தான் எழுப்பலாம். சப்போர்ட்டுக்கு அணியில் யாரையும் எழுப்பும் உரிமை உண்டு. அதனால்தான் எனக்கு வேலை ஓய்வதே இல்லை.

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். நான் புகை போட்டு, செங்கல் மேட்டைச் சுற்றி, உயிரைக் கொடுத்துப் போய்ச் சேர்கிற நேரத்தில் விழுந்தவன் பொறுமை இழந்து, காத்திருப்பதைக் கைவிட்டுப் புதிதாக இறங்கப் போய்விடுவான். சவம், இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் என்ன?

துப்பாக்கி பற்றிச் சுருக்கமாக. டிரிகரை அழுத்தியே பிடித்தால் குண்டு சிதறும். மூன்று, நான்கு குண்டாக விட்டு விட்டுச் சுட வேண்டும். எனக்குத் தெரிகிறது, என் விரலுக்குத்தான் தெரியவில்லை.

மேப்புகளில் குறை உண்டு. பெரும்பாலானவை சின்னவை, மூச்சு விட இடமில்லை. புரூக்ளினில் நடக்கிற எம்பயர் ஸ்டேட்டில் வண்டியே கிடையாது, சந்துக்குள் சந்து. மிராக் வேலிதான் ரொம்ப அகலம். 2011-இல் வந்த மூன்றாம் பாகத்து ஆபரேஷன் ஃபயர்ஸ்டார்ம் மேப்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த எண்ணெய்க் கிடங்கைப் பார்த்ததும் கல்லூரிக் காலத்து பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன், ஸ்னைப்பர் அடித்துவிட்டான். கதைப் பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். நேட்டோவுக்கு எதிராக பாக்ஸ் அர்மாட்டா என்று ஒரு தனியார் படை. அதற்காக இந்த கேமை வாங்க வேண்டியதில்லை.

கேம் வந்தது 2025 அக்டோபர் 10, தீபாவளி 20. அந்த வாரம் டவுனில் உட்கார்ந்து காலடிச் சத்தம் கேட்டு ஆடுவது நடக்கிற காரியமா? தெருவில் வெடிக்கிற சரத்துக்கும் ஹெட்செட்டுக்குள் வெடிக்கிறதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது முடிந்தால் வடகிழக்குப் பருவமழை. இடி இடித்தால் அம்மா வந்து மோடம் வயரைப் பிடுங்கிவிடுகிறாள். அவளோடு வாதாட முடியாது, பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு மோடம் கருகியிருக்கிறது. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

கிராஃபிக்ஸ் கார்டு பழைய ஆர்டிஎக்ஸ் 2060, கேமின் குறைந்தபட்சத் தேவையில் போட்டிருப்பதே அதுதான். எல்லாவற்றையும் லோவில் வைத்து, டிஎல்எஸ்எஸ் (படத்தைக் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வசதி) போட்டால் ஆடுகிற அளவுக்கு வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் 3060 டிஐ கார்டு செகண்ட் ஹேண்ட் விசாரித்திருக்கிறேன். பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார்கள், நான் நேரில் போய் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பதாக இல்லை. பொங்கலுக்குள் சென்னை போகிற வேலை ஒன்று வரும்.

இதே கேமோடு சேர்ந்த ரெட்செக் பக்கம் இன்னும் போகவில்லை. அது பேட்டில் ராயல் (கடைசிவரை மிஞ்சுகிற குழு ஜெயிக்கிற ஆட்டம்), எனக்கு ஆகாது, ஆனால் இலவசம் என்பதால் மச்சினன் இழுக்கிறான். அதற்கு முன்னால் பிரேக்த்ரூ என்கிற ஆட்ட வகையில் இந்த ஸ்மோக் கணக்கு சரிவருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஸ்குவாட்டில் எஞ்சினியருக்கு ஓர் இடம் காலி. டாங்கியை ரிப்பேர் பார்க்கத் தெரிந்து, விழுந்தால் கைவிடாமல் கிடக்கிற பொறுமையும் உள்ளவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வரலாம். சப்போர்ட் இடம் கேட்காதீர்கள்.