பாட்டு முடிந்ததும் என்ன செய்தாள்?

இசைப்படம் என்றால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சும்மா பேசிக்கொண்டிருக்கும் ஒருத்தி நடுவில் எழுந்து நின்று பாட ஆரம்பித்தால் பலருக்குச் சிரிப்பு வருகிறது, எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் பழைய தேவதைக் கதைகளைப் புதுசாக எடுக்கிறோம் என்று கிளம்பி வந்த எந்தப் பெரிய படத்தையும் நான் விட்டதில்லை. போன வாரம் காய்ச்சலில் நாலு நாள் படுத்துக் கிடந்தபோது சிலவற்றை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை சிலிர்த்த இடங்களில் இப்போதும் சிலிர்த்தது, ஆனால் படுத்திருப்பவனுக்கு வேறு வேலை இல்லையே, ஒரு கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தப் பெண் இவ்வளவு உருகிப் பாடினாளே, பாட்டு முடிந்ததும் என்ன செய்தாள்?

கமிலா கபேயோ நடித்த 2021 சிண்டரெல்லாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வகைப் படங்களின் நல்லது கெட்டது எல்லாம் அதில் ஒரே மூட்டையாகக் கிடைக்கும். எல்லா நிலவறையில் இருக்கிறாள். எல்லா என்பது அவள் பெயர், இனிமேல் குழப்பம் வராமல் எல்லி என்றே சொல்கிறேன். அவளுக்கு இளவரசன் வேண்டாம், சொந்தமாகத் துணிக்கடை வைக்க வேண்டும், அந்த ஊரிலோ பெண்கள் வியாபாரம் செய்யக்கூடாது. இதை ஒரு பாட்டில் சொல்கிறாள். இசை நாடகக்காரர்கள் இப்படிப்பட்ட பாட்டுக்கு 'ஐ வாண்ட்' பாட்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கதாநாயகி தனக்கு என்ன வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும் பாட்டு. முன்பெல்லாம் அந்த ஆசை கொஞ்சம் மங்கலாக இருக்கும், எங்கேயோ போகணும், இங்கே இல்லாத ஏதோ ஒன்று வேணும், அவ்வளவுதான். இப்போது அதில் தொழில் திட்டமே இருக்கிறது. கிண்டல் இல்லை, எனக்கு அது பிடித்திருந்தது. இளவரசன் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது அப்படியானால் என் வேலை என்னாகும் என்று அவள் பின்வாங்கும் இடம் இன்னும் பிடித்திருந்தது.

ஆனால் பாருங்கள், விருந்தில் வெளிநாட்டு ராணி ஒருத்தி அசந்துபோய் எல்லிக்கு வேலை வாய்ப்பு தருகிறாள் இல்லையா, அவள் கண்ணில் பட்ட உடை மந்திரத்தில் வந்தது. வரைந்து வைத்தது எல்லிதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் உழைத்து முன்னுக்கு வருவதைப் பற்றி இவ்வளவு பாடிய படத்தில், கடைசியில் கதவைத் திறந்துவிட்ட உடைக்கு ஊசியும் நூலும் தேவைப்படவே இல்லை. பழைய கதையிலேயே இந்த விஷயத்தில் நேர்மை அதிகம் என்று சொல்வேன். கண்ணாடிச் செருப்பையும் பூசணி வண்டியையும் நமக்குத் தந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ, 1697-ல் அச்சான தன் கதையின் முடிவில் இரண்டு நீதிகள் வைத்தார். அழகைவிட நல்ல குணமே பெரிது என்பது முதலாவது. இரண்டாவதுதான் சுவாரசியம்: உனக்கு அறிவு, துணிச்சல், நல்ல பிறப்பு எல்லாம் இருக்கலாம், ஆனால் கைதூக்கிவிட ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிட்டால் அவற்றால் ஒன்றும் ஆகாது. சிபாரிசு இல்லாமல் நடக்காது என்று முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் போட்டு உடைத்திருக்கிறார். 2021 படமும் அதே கதையைத்தான் சொல்கிறது, ஆனால் வாயால் மட்டும் எல்லாம் உன் கையில் இருக்கிறது என்று பாடுகிறது.

அந்தப் படத்தில் இளவரசனுக்கு க்வென் என்று ஒரு தங்கை. நாட்டை எப்படி நடத்தலாம் என்று அவளிடம் நிஜமான யோசனைகள் இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்ததும் அப்பா ராஜா அடக்கிவிடுவார், நாம் சிரிக்க வேண்டும். கடைசியில் அண்ணன் எனக்கு அரியணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லியோடு ஊர் சுற்றக் கிளம்ப, க்வென் வாரிசாகிறாள். உண்மையில் இந்தக் கதையின் பெரிய மாற்றம் அவளுக்குத்தான் நடக்கிறது. ஆனால் ராஜா, இளவரசன், சித்தி என்று ஒரு பட்டாளமே ஆடிப் பாடும் படத்தில் அவளுக்கென்று ஒரு தனிப் பாட்டு கிடையாது. இசைப்படத்தில் பாட்டு இல்லாதவள் என்றால் வாக்குரிமை இல்லாதவள் மாதிரி. (சித்தியாக வரும் இடீனா மென்ஸெலுக்கு, அந்தக் காலத்தில் பியானோ வாசிக்க ஆசைப்பட்டு அதனாலேயே புருஷனை இழந்த பழங்கதை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். படத்திலேயே உயிருள்ள நிமிடம் அதுதான்.)

சரி, எம்மா வாட்சனின் பெல்லுக்கு வருவோம். 2017-ல் வந்து உலகம் முழுக்க 120 கோடி டாலருக்கு மேல் அள்ளிய 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. 1991 கார்ட்டூனில் அப்பாதான் கண்டுபிடிப்பாளர், மகள் புத்தகப் புழு. புதுப்படத்தில் அந்தத் திறமையை மகளுக்கு மாற்றினார்கள்: கழுதையையும் பீப்பாயையும் வைத்துத் துணி துவைக்கும் பொறி ஒன்றைச் செய்கிறாள், மிச்சமாகும் நேரத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். நல்ல காட்சி. ஊர்க்காரர்கள் அவள் துணியைத் தெருவில் கொட்டுவது வலிக்கத்தான் செய்கிறது. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை, அந்தப் பொறியைப் படம் மறந்தே போகிறது. 1991-ல் பெல்லும் அப்பாவும் அடைபட்டுக் கிடக்கும்போது அவர்களை வெளியே கொண்டுவந்தது அப்பா செய்த அந்த மரம் வெட்டும் இயந்திரம்தான், தொடக்கத்தில் காட்டிய பொருள் முடிவில் வேலை செய்தது. 2017-ல் அதே மாதிரி இருவரும் வண்டிக்குள் பூட்டப்படுகிறார்கள். கண்டுபிடிப்பாளர் பெல் என்ன செய்கிறாள் தெரியுமா, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அப்பாவிடம் கொடுக்கிறாள், அப்பா பூட்டைத் திறக்கிறார். நான் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். இன்னொன்று, இந்தப் படத்துக்கென்று புதிதாக எழுதிய பாட்டுகளில் பெரிய தனிப்பாட்டு யாருக்கு? மிருகத்துக்கு. கோட்டை உச்சிக்கு ஏறி நின்று 'எவர்மோர்' பாடுகிறான், பாட்டு என்னவோ பிரமாதம். பெல்லுக்குக் கிடைத்தது துண்டுதுக்காணி.

அலாதீன் விஷயத்தில் கணக்கு வேறு. 1992 படத்தில் இளவரசி ஜாஸ்மினுக்குத் தனிப்பாட்டே இல்லை, கம்பளத்தில் பறக்கும்போது பாதிப் பாட்டுதான் அவளுடையது. 2019-ல் நவோமி ஸ்காட்டுக்காக 'ஸ்பீச்லெஸ்' எழுதினார்கள், ஆலன் மென்கென் இசை, பெஞ்ச் பாசெக்கும் ஜஸ்டின் பாலும் வரிகள். வாயடைக்க விடமாட்டேன் என்று அவள் பாடப் பாட, காவலர்களும் வில்லன் ஜாஃபரும் தூளாகிக் காற்றில் கரைகிறார்கள். கரைவது அவள் கற்பனையில் மட்டும். பாட்டு முடிந்ததும் எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார்கள், முதல் தடவை தியேட்டரில் பார்த்தபோது எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அதற்கு அடுத்து வருவதைக் கவனித்துப் பார்த்தேன். அவள் தளபதி ஹக்கீமைப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் அப்பா இங்கே வேலைக்கு வந்தபோது நீ சின்னப் பையன், இங்கேயே வளர்ந்து வீரனானாய், இப்போது நீ யாருக்குக் கட்டுப்படப் போகிறாய் என்று முடிவு செய் என்கிறாள். பாட்டு இல்லை, வெறும் பேச்சு. அவன் அவள் பக்கம் வந்துவிடுகிறான். ஒரு முழுப் பாட்டில் நகராத கதை நாலு வாக்கியத்தில் நகர்ந்துவிட்டது. அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அரண்மனையில் யார் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதைப் பயன்படுத்தினாள். கடைசியில் அவளே சுல்தானாகவும் ஆகிறாள், பழைய படத்தில் அவளுக்காகச் சட்டத்தைத்தான் மாற்றினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் 2025 'ஸ்னோ ஒயிட்' படத்தின் உச்சக்கட்டமும் இதே சங்கதிதான். ரேச்சல் ஸெக்லர் ராணியின் எதிரே போய் நிற்கிறாள், வாள் வைத்திருக்கும் வீரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்து, நீங்கள் இதற்கு முன் யாராக இருந்தீர்கள் என்று நினைவூட்டுகிறாள். இரண்டு படத்துக்கும் பாட்டு எழுதியது அதே பாசெக், பால் ஜோடி என்பது தற்செயலாக இருக்கலாம். எப்படியோ, இளவரசன் ஒருநாள் வருவான் என்ற 1937-ன் புகழ்பெற்ற பாட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று அவ்வளவு பேர் கொதித்தார்களே, அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எனக்குப் பிடித்தது வேறு ஒரு சின்ன விளையாட்டு. 'ஃபேர்' என்ற சொல்லுக்கு அழகு என்றும் பொருள், நியாயம் என்றும் பொருள், ராணியின் மந்திரக் கண்ணாடி எதைச் சொல்கிறது என்பதில் படம் அந்த இரண்டையும் மோதவிடுகிறது. தமிழில் இதைச் செய்யவே முடியாது. கிரிம் சகோதரர்களின் பழைய கதையில் அவளுக்கு ஏழு வயது, அதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணாடியின் பேச்சு இன்னும் கொடூரமாகத் தெரியும்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது 2023 'லிட்டில் மெர்மெய்ட்' பார்த்துத்தான். ஹாலி பெய்லியின் குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குரலை இழந்த பெண்ணுக்கு மனசுக்குள்ளேயே ஒரு பாட்டு வைத்தது அருமையான யோசனை, பேச முடியாதவள் நம்மோடு மட்டும் பாடுகிறாள். ஆனால் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, குரலைப் பிடுங்கும் கடல் சூனியக்காரி உர்சுலாவின் பாட்டில் ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது, பேசாமல் இருப்பதே நல்லது என்று சொல்லும் பகுதியை வெட்டினார்கள். சின்னப் பெண்கள் அதை நம்பிவிடக் கூடாதாம். ஐயா, அது வில்லி சொல்லும் பொய்! ஒரு பெண்ணின் குரலைப் பிடுங்க வந்தவள் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லுவாள்? அந்தப் பொய்யைக் கேட்டு இது பொய் என்று தெரிந்துகொள்வதற்குத்தானே பிள்ளைகளுக்குக் கதை. இரண்டாவது காரியம், மூன்று நாளுக்குள் இளவரசன் எரிக்கின் முத்தம் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையையே கடல்கன்னி ஏரியல் மறந்துபோகும்படி மந்திரம் போட்டுவிட்டார்கள். ஆண் பின்னால் அலைபவளாகத் தெரியக் கூடாது என்ற நல்ல எண்ணம் என்றே வைத்துக்கொள்வோம். விளைவு என்ன? 1989 கார்ட்டூனில் அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது, தப்போ சரியோ அதை நோக்கி அவள் போனாள். இப்போது அவள் பாட்டுக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கிறாள், நண்டும் பறவையும்தான் அவளுக்காகப் பதறுகின்றன. மரியாதை கொடுக்கிறேன் என்று முடிவெடுக்கும் வேலையையே அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசியில் கப்பலை ஓட்டி உர்சுலாவைக் குத்திச் சாய்ப்பது எரிக் இல்லை, அவள்தான் என்று மாற்றியிருப்பது எனக்கு ஈடாகத் தெரியவில்லை. இந்தக் கதையை முதலில் எழுதிய டென்மார்க்காரர் ஆண்டர்சனின் 1837 கதையில் அவள் கையில் கத்தி இருக்கும், அக்காமார் தங்கள் கூந்தலை விற்று வாங்கி வந்த கத்தி, இளவரசனைக் கொன்றால் பிழைக்கலாம். அவள் கத்தியைக் கடலில் எறிகிறாள். அதைவிடப் பெரிய முடிவை எந்தப் புதுப்படமும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

'லெட் இட் கோ' பற்றிச் சொல்லாமல் போனால் அடிக்க வருவீர்கள். 2013-ல் வந்த 'ஃப்ரோஸன்' படத்துப் பாட்டு, அதே ஆண்டர்சனின் பனி ராணியிலிருந்து ரொம்ப தூரம் விலகி வந்த கதை. அதைப் பாடும் எல்ஸா முதலில் வில்லியாகத்தான் திட்டமிடப்பட்டிருந்தாள், பாட்டு வந்து விழுந்ததும் திரைக்கதையையே திருப்பி எழுதினார்கள். விடுதலைப் பாட்டு என்று உலகமே பாடியது, ஆனால் படத்துக்குள் அது ஓடிப்போகிறவளின் பாட்டு, அவள் மேலே மாளிகை கட்டிக்கொண்டிருக்கும்போது கீழே அவள் ஊர் உறைந்துகொண்டிருக்கிறது. பாடியபடி ஒன்றைச் செய்கிறாள், செய்ததற்கு விலையும் இருக்கிறது. அதனால்தான் எத்தனை தடவை கேட்டுச் சலித்தாலும் அந்தப் பாட்டின் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை.

பழைய கதைகளின் பெண்கள் எல்லாம் வாய் பேசாத பதுமைகள், நாம்தான் வந்து எழுப்பிவிடுகிறோம் என்று இந்தப் படங்களின் விளம்பரங்கள் பேசும்போதுதான் எரிச்சல் வருகிறது. கிரிம் சகோதரர்களின் தவளை இளவரசன் கதையில் முத்தமே கிடையாது, இளவரசி தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், அதில்தான் அவன் மனிதனாகிறான். சிண்டரெல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள், 1893-ல் மரியன் காக்ஸ் என்ற பெண்மணி அந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். அத்தனையிலும் எனக்குப் பிடித்தவள் 1634-ல் அச்சான, இத்தாலிக்காரர் பசீலே எழுதிய நேப்பிள்ஸ் கதையின் ஸெஸொல்லா. சித்தி கொடுமை தாங்க முடியாமல், தனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள் பேச்சைக் கேட்டு, பெரிய பெட்டியிலிருந்து பழைய உடுப்பு எடுத்துத் தரச் சொல்லிச் சித்தியைக் குனிய வைத்து, மூடியை டமால் என்று போட்டுக் கழுத்தை முறிக்கிறாள். அப்புறம் அந்தத் தையல்காரியே அப்பாவைக் கட்டிக்கொண்டு, அதுவரை மறைத்து வைத்திருந்த தன் ஆறு பெண்களையும் வீட்டுக்குக் கூட்டி வந்து, ஸெஸொல்லாவை அடுப்படிக்குத் துரத்திவிடுகிறாள். இதை யாராவது இசைப்படமாக எடுத்தால் முதல் நாளே டிக்கெட் வாங்கிவிடுவேன். பெட்டி மூடி விழும் இடத்துக்குத் தாளம் மட்டும் போதும், வரிகள் வேண்டாம்.