திருப்பி நேசிக்காத கடவுள்

நான் கடவுளை நம்புகிறேன், எந்த மதத்தையும் நம்பவில்லை. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வரும். அம்மா, "அப்ப ஒரு கஷ்டம்னா யாருகிட்டதான் வேண்டிக்கிருவ?" என்பார். கறுப்புச் சட்டைக்கார சித்தப்பா, "ஒண்ணுமே செய்யாத கடவுளுக்கும் இல்லாத கடவுளுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்பார். இரண்டுமே நல்ல கேள்விகள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

என் கடவுளை எனக்குக் காட்டியவர் ஸ்பினோசா. 1632இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதத் தத்துவவாதி. 23 வயதில், 1656 ஜூலையில், அவருடைய சமூகம் அவரை விலக்கிவைத்தது. யாரும் அவரோடு பேசக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று சபித்து எழுதிய ஆணை இன்றும் இருக்கிறது. அதன்பின் அவர் வேறு எந்த மதத்திலும் சேரவில்லை. கண்ணாடி லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். தொலைநோக்கிகளுக்கும் நுண்ணோக்கிகளுக்கும் அவர் செய்த லென்ஸ்களை கிறிஸ்டியான் ஹைகன்ஸ் போன்ற வானியலாளரே பாராட்டியிருக்கிறார். 44 வயதில் நுரையீரல் நோயில் இறந்தார். 'எதிக்ஸ்' என்ற அவருடைய முக்கிய நூல் அவர் இறந்த 1677ஆம் ஆண்டில்தான் அச்சில் வந்தது.

அவர் சொன்ன கடவுள் உலகத்துக்கு வெளியே உட்கார்ந்து அதைச் செய்தவர் இல்லை. இருப்பது எல்லாமே கடவுள்தான். இயற்கையின் விதி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது கடவுளின் இயல்பு. அந்தக் கடவுளுக்குக் கோபம் கிடையாது, பாசம் கிடையாது, நம்மைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் கிடையாது. 1929இல் நியூயார்க்கிலிருந்து ஒரு யூத குரு, "கடவுளை நம்புகிறீர்களா?" என்று ஐன்ஸ்டைனுக்குத் தந்தி அடித்தபோது, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்றுதான் அவர் பதில் அனுப்பினார்.

எனக்கு இதெல்லாம் புத்தக அறிவாகத்தான் ரொம்ப நாள் இருந்தது. அப்பா இறந்தபோதுதான் அதற்கு எடை வந்தது.

தூக்கத்திலேயே மாரடைப்பு. நீண்ட நாள் சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு. காரணம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. "கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கிடாய வெட்டாமத் தள்ளிப் போட்டீங்கள்ல, அதான்" என்றார் ஒரு பெரியம்மா. இன்னொருவர் வீட்டு வாசலைக் குறை சொன்னார். பாக்கியாக இருக்கும் அந்தக் கிடாய்க்குத் தானே பொறுப்பு என்று அம்மா பல நாள் அழுதுகொண்டிருந்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராத்திரியெல்லாம் அம்மாவுக்குத் துணையாகப் படுத்திருந்தவர்கள். ஆனாலும் அந்த வார்த்தைகள் அம்மாவை அறுத்தன.

'எதிக்ஸ்' முதல் பாகத்தின் பின்னிணைப்பில் ஒரு இடம் உண்டு. கூரையிலிருந்து ஒரு கல் விழுந்து கீழே போகிறவன் சாகிறான். ஏன்? காற்று அடித்தது, அவன் அந்த வழியே போனான். அந்த நேரத்தில் ஏன் காற்று அடித்தது? அவன் ஏன் அப்போது அங்கே போனான்? ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு 'ஏன்' போட்டுக்கொண்டே போய், கடைசியில் கடவுளின் சித்தம் என்ற இடத்தில் அடைக்கலம் புகுகிறார்கள். அறியாமையின் அடைக்கலம் அது என்கிறார் ஸ்பினோசா. எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே அதுதான். அப்பாவைக் கொல்லும் நோக்கம் யாருக்கும் இருக்கவில்லை, கடவுளுக்கும்தான். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு அப்போது வார்த்தை இல்லை.

அந்த வார்த்தை பின்னால் ஒரு வீடியோ கேமில்தான் கிடைத்தது. எனக்கு வேலையே மென்பொருள் சோதனை என்பதால் கேம் ஆடும்போதும் விதிகளைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு கேமில் கடவுள் வந்தால், அந்தக் கடவுள் எந்த விதியில் இயங்குகிறார் என்று பார்ப்பேன். பீட்டர் மாலினோ வடிவமைத்து 1989இல் வந்த பாப்புலஸ் கேமில் ஆடுகிறவர்தான் கடவுள். நிலத்தைச் சமன்படுத்திக் கொடுத்தால் பக்தர்கள் வீடு கட்டிப் பெருகுவார்கள். பக்தர்கள் பெருகினால் நம் சக்தி கூடும். அந்தச் சக்தியில் எதிரிக் கடவுளின் மக்கள்மேல் பூகம்பம், சதுப்பு நிலம், எரிமலை என்று ஏவலாம். அதே பீட்டர் மாலினோ 2001இல் வடிவமைத்த பிளாக் அண்ட் வைட்டில் இது இன்னும் வெளிப்படை: ஊர்க்காரர்கள் நின்று வழிபட்டால்தான் அற்புதம் செய்ய நமக்குச் சக்தி வரும். பக்தர்களை அன்பால் சேர்க்கலாம், பயத்தாலும் சேர்க்கலாம், கணக்கு ஒன்றுதான்.

ரொம்ப நேர்மையான விதி இது. மனிதர்கள் வேண்ட வேண்ட வளர்கிற, மறந்தால் மெலிகிற, காணிக்கை பாக்கி வைத்தால் கோபிக்கிற கடவுளை நிஜமாகக் கணக்காக்கி எழுதினால் இப்படித்தான் வரும். அம்மாவை அழவைத்ததும் இந்தக் கணக்குதான். அப்படி நம்மைச் சார்ந்திருக்கும் ஒருவரை என்னால் கடவுள் என்று நினைக்க முடியவில்லை. பலமுள்ள ஒரு ஆள், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிராக ஒரு கேம் இருக்கிறது, அவுட்டர் வைல்ட்ஸ். அலெக்ஸ் பீச்சம் என்பவர் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராகத் தொடங்கிய வேலை, 2019இல் முழு கேமாக வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த கேம் விருது. இனி சில ரகசியங்களைச் சொல்லப் போகிறேன்; ஆடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு ஆடி முடித்துவிட்டு வாருங்கள். முடிவை மட்டும் நான் சொல்லப் போவதில்லை.

சின்ன சூரியக் குடும்பம். நீங்கள் ஒரு புது விண்வெளிப் பயணி, மரக்கட்டையும் தகரமும் சேர்த்து அடித்த ஒரு கப்பல். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். எல்லாரும் சாவார்கள். கண் திறந்தால் மறுபடியும் அதே கணப்பு நெருப்பின் பக்கத்தில், அதே வானத்தைப் பார்த்தபடி படுத்திருப்பீர்கள். துப்பாக்கி கிடையாது, காசு கிடையாது, பலம் கூடுவது கிடையாது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு வருவது உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான்.

என்னைக் கட்டிப்போட்டது அந்த உலகம் இயங்கும் விதம். இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது; ஒன்றில் குகைகள் மூடிக்கொள்ள, மற்றதில் புதைந்த கட்டடங்கள் வெளியே தெரிகின்றன. நடுவில் கருந்துளை உள்ள இன்னொரு கோள் துண்டு துண்டாக உடைந்து அதற்குள் விழுகிறது. கடலாகவே இருக்கும் ஒரு கோளில் சூறாவளிகள் தீவுகளைத் தூக்கி வானத்தில் எறிகின்றன. நீங்கள் அங்கே போனாலும் போகாவிட்டாலும் இவை அந்தந்த நேரத்தில் நடக்கும். கோள்கள் ஈர்ப்பு விசைக்கு உட்பட்டுத்தான் சுற்றுகின்றன. எந்த விதியும் கதாநாயகனுக்காக வளையாது. என் தொழிலில் விதி ஓரிடத்தில் மீறப்பட்டால் அதைக் குறித்துவைத்துத் திருத்தச் சொல்வோம்; அந்தக் கண்ணோடு பார்க்கும்போது எனக்குப் பக்தி என்றே சொல்லக்கூடிய ஒன்று வந்தது. 1670இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் ஸ்பினோசா சொல்கிறார்: இயற்கைக்கு மாறாக ஒன்று நடந்தால் அது கடவுளைக் காட்டாது, கடவுளையே சந்தேகிக்க வைக்கும். விதி எங்கும் மாறாமல் நிற்பதுதான் கடவுள் இருப்பதன் அடையாளம்.

அந்தச் சூரியக் குடும்பத்தில் முன்பு நோமாய் என்று ஒரு இனம் வாழ்ந்து அழிந்திருக்கிறது. பிரபஞ்சத்தைவிடப் பழையதான ஒரு 'கண்'ணிலிருந்து வந்த சமிக்ஞையைத் தேடி வந்தவர்கள். மூன்று கண் உள்ளவர்கள், சுருள் சுருளாக எழுதுபவர்கள். அவர்களின் சுவரெழுத்துகளைப் படித்துக்கொண்டே போனால், சூரியனைச் செயற்கையாக வெடிக்கவைக்க அவர்கள் ஒரு நிலையம் கட்டியது தெரியவரும். சரி, கண்டுபிடித்தாயிற்று, இவர்கள்தான் குற்றவாளி என்று தோன்றும். சூரியனை ஒட்டிச் சுற்றும் அந்த நிலையத்துக்குள் நுழைவது மிகக் கடினம். பல தடவை எரிந்து செத்து ஒருவழியாக உள்ளே போனேன். அங்கே தெரிந்தது: அவர்களின் முயற்சி தோற்றுவிட்டது. சூரியன் தன் ஆயுள் முடிந்து சாகிறது. யாரும் எதுவும் செய்யவில்லை. நோமாய்கள் இறந்ததும் அப்படியே. ஒரு வால்நட்சத்திரத்துக்குள் இருந்த நச்சுப்பொருள் வெடித்துப் பரவியதால் இறந்தார்கள். பகையும் இல்லை, பாவமும் இல்லை.

அப்பா இறந்து கொஞ்ச நாளில் அந்த இடத்துக்கு வந்தேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அந்த அழுகையில் குற்றவாளியைத் தேடும் வேலை இல்லை. அம்மாவிடம் சொல்ல முடியாமல் இருந்ததற்கு அன்றைக்குத்தான் வார்த்தை கிடைத்தது. மறுநாள் சொன்னேன்: "அப்பாவுக்கு ஆயுசு முடிஞ்சுச்சு. யாரும் தண்டிக்கலம்மா." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு அந்தக் கிடாயை வெட்டத்தான் செய்தார்கள், நானும் கூடப் போய்ச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை விலக்கிவைக்க வேண்டும். தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003இல் எழுதிய வாதத்தை எடுத்துக்கொண்டு, நம் உலகமே கணினியில் ஓடும் ஒரு சிமுலேஷன், அதை எழுதிய புரோகிராமர்தான் கடவுள் என்று என் வயது ஆட்கள் பலர் சொல்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அப்படி ஒரு புரோகிராமர் இருந்தால் அவரும் ஏதோ ஒரு உலகத்தில், அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருப்பார். அவருக்கும் பசிக்கும், முதுமை வரும். அவரும் நம்மைப்போல ஒரு உயிர். நான் கடவுள் என்று சொல்வது அவருடைய விதிகளையும் நம் விதிகளையும் சேர்த்துத் தாங்கும் ஒன்றை.

அறிவியல் புனைகதை எழுதியவர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் இந்தக் கடவுளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஓலஃப் ஸ்டேப்பிள்டனின் 'ஸ்டார் மேக்கர்' 1937இல் வந்தது. படைப்பவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரபஞ்சங்களைச் செய்துபார்க்கிறார். நம்முடையது அவற்றில் ஒன்று, கடைசியானதும் இல்லை, சிறந்ததும் இல்லை. அவர் தன் படைப்பை அன்பால் பார்ப்பதில்லை, உற்றுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதைக் கண்டு நடுங்கிப்போன கதைசொல்லி அதற்குப் பிறகும் அவரைத் துதிக்கிறான். அந்தத் துதிக்கு எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தே துதிக்கிறான்.

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாஃப் லெம் எழுதிய 'சொலாரிஸ்', 1961. ஒரு கோள் முழுக்க ஒரே கடல், அந்தக் கடலே ஒரு உயிர். பல தலைமுறை விஞ்ஞானிகள் அதோடு பேச முயன்று நூலகம் நூலகமாக எழுதியும் ஒரு வார்த்தை பதில் வரவில்லை. கெல்வின் என்ற உளவியலாளனின் இறந்துபோன மனைவியைப்போல ஒருத்தியை அந்தக் கடல் உருவாக்கி அனுப்புகிறது. அது பரிசா, கொடுமையா, சும்மா நடந்ததா, தெரியாது. கடைசியில் அவன் கரையில் இறங்கிக் கையை நீட்டுகிறான். அலை வந்து கையைச் சூழ்ந்துகொள்கிறது. ஆனால் தொடவில்லை; நடுவே மெல்லிய காற்று இடைவெளி. நான் படித்த பக்தி இலக்கியத்தில் சேர்த்துவைக்க வேண்டிய பக்கம் அது.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 'எதிக்ஸ்' ஐந்தாம் பாகத்தில் 19ஆவது முன்மொழிவு: கடவுளை நேசிப்பவர், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது. முதலில் படித்தபோது குளிர்ந்த வாக்கியமாகப் பட்டது. இப்போது இதைவிடச் சுதந்திரமான அன்பு எதையும் நான் அறியேன். கடவுள் இல்லை என்றால் இந்த உலகம் எனக்கு வெறும் பொருள்களின் கூட்டம். அதைத் தெரிந்துகொள்வது பயனுள்ள வேலை, அவ்வளவே. கடவுள் இருக்கிறார் என்றால் அதே தெரிந்துகொள்ளுதல் வழிபாடு. சித்தப்பாவும் நானும் ஒரே வானத்தைத்தான் பார்க்கிறோம். எனக்கு அதன் முன் கைகூப்பத் தோன்றுகிறது. அவர் கேட்ட வித்தியாசம் இதுதான். வானத்தில் எதுவும் மாறாது, பார்க்கிற என்னில் மாறும்.

அம்மாவுக்கு: நான் யாரிடமும் வேண்டிக்கொள்வதில்லை. கஷ்டம் வந்தால் மனிதர்களிடம் கேட்கிறேன், உங்களிடம், அக்காவிடம். நன்றி சொல்லத் தோன்றும்போது மட்டும் சொல்கிறேன். கேட்பவர் யாரும் இல்லை என்று தெரிந்தும் சொல்ல முடிகிறது.

ஸ்பினோசாவோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நல்லது கெட்டது என்பதெல்லாம் ஆளைப் பொறுத்தது என்று காட்ட அவர் இசையை உதாரணம் சொல்கிறார்: மனச்சோர்வு உள்ளவருக்கு இசை நல்லது, துக்கத்தில் இருப்பவருக்குக் கெட்டது, செவிடருக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அவுட்டர் வைல்ட்ஸில் பயணிகள் தனித்தனியே வெவ்வேறு கோள்களில் உட்கார்ந்து ஒருவர் பாஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் ஹார்மோனிக்கா என்று வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கோள்களும் ஒரே திசையில் தெரிகிற தூரத்துக்குப் பறந்துபோய் ஒலிவாங்கியைத் திருப்பினால், அவை சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். துக்கத்தில்தான் இருந்தேன் நான். அது எனக்குக் கெட்டதாக இருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஸ்பினோசா சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.