ஆய்வு நிலையத்தின் சபையில் யார் அமர்வது?

கொழும்பு ஜாவத்தை வீதியிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள்) மண்சரிவு அபாயத்தில் இருப்பதாக 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து அந்த லயன்களை மூடியது. எச்சரிக்கை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதிலேயே பிறகு எழுந்த வாதங்களில் பெரும்பகுதி கழிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆய்வாளர்கள் தம் வேலையைச் செய்திருந்தார்கள். ஆனால் காணி தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருந்தது. வீடமைப்பு ஓர் அமைச்சின் பொறுப்பு. மக்களை அப்புறப்படுத்துவது மாவட்ட, பிரதேச நிர்வாகத்தின் வேலை. லயனில் குடியிருந்தவர்களுக்கோ போக வேறு இடமில்லை. இந்த நால்வரும் ஆய்வு நிறுவனத்தை ஆளும் சபையில் இடமின்றி, அறிக்கை முடிந்த பிறகு அதன் பிரதியைப் பெறுபவர்களாக மட்டுமே இருந்தால், எவ்வளவு துல்லியமான வரைபடமும் கோப்புக்குள் கிடக்கும்.

சமூகப் பிரச்சினைகளை ஆராயும் நிலையங்களின் ஆளுகை பற்றிப் பேசும்போது நாம் பணிப்பாளரின் கல்வித் தகைமையைத்தான் முதலில் பார்க்கிறோம். சபையைப் பார்ப்பதில்லை. அரச நிறுவனமென்றால் அமைச்சர் நியமிக்கும் சிலர், திறைசேரியின் பிரதிநிதி ஒருவர், பேராசிரியர்கள் ஓரிருவர் என்பதே நம் வழக்கம். ஆட்சி மாறினால் தலைவரும் உறுப்பினர்களும் பதவி விலகுவது எழுதப்படாத விதி. வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும், காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து தொடர்கிறது. அதை ஆராய வேண்டிய சபைகளோ தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகத் தொடங்குகின்றன. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஒரே நாளில் முடியாமல் ஆண்டுதோறும் சிலர் மட்டும் மாறும்படி வகுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை: நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதமே ஆய்வுக்குச் செல்கிறது. ஆகவே நிதி தருபவரின் விருப்பம் ஆய்வின் தலைப்பாகிவிடுவது இயல்பு.

தனிமனித ஆளுமையைக் கடந்து நின்ற நிலையங்களும் இங்கே உண்டு. சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1982 இல் நிறுவிய இனத்துவ கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், அவர் 1999 இல் கொல்லப்பட்ட பின்னரும் இயங்கிவருகிறது. நிறுவுநர் இல்லாத மறுநாள் யார் கையொப்பமிடுவார் என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பது, சர்வதேச விருதுகளைவிடப் பெரிய தலைமைத்துவச் சாதனை என்பேன்.

இரசாயன உரத்துக்கு 2021 இல் விதிக்கப்பட்ட தடையை வேளாண் விஞ்ஞானிகள் வெளிப்படையாக எதிர்த்தும், அது தளர்த்தப்பட அவ்வாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமைச்சின் அனுமதிக்குக் காத்திராமல் முடிவுகளை வெளியிடும் உரிமை ஒவ்வொரு நிலையத்தின் சட்டத்திலும் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். அதனுடன், எந்தப் பரிந்துரை யாருக்கு எப்போது அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்ற பட்டியல் ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் முதல் விடயமாக வாசிக்கப்பட வேண்டும். பதில் தராத திணைக்களத்தின் பெயருடன் அது ஆண்டறிக்கையில், மும்மொழிகளிலும், அச்சாக வேண்டும்.