டாங்கைல் என்று எழுதியிருந்த படம்

எங்கள் தாத்தா விமானப்படையில் ஃபிட்டர். ஆக்ராவில் பேக்கெட் என்ற சரக்கு விமானங்களோடு பல வருடம் வேலை பார்த்தவர். அவர் ஆல்பத்தில், கறுப்பு அட்டையில் மூலை குத்தி வைத்த போஸ்ட்கார்டு அளவுப் படம் ஒன்று உண்டு. மூன்று விமானங்கள், அவற்றுக்குப் பின்னால் வானம் கொள்ளாமல் பாராசூட்டுகள். அடியில் நீல மையில் 'டாங்கைல், 11.12.1971'. 1971 போரில் நம் ராணுவம் பாராசூட்டில் குதித்த ஊர் டாங்கைல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான். போன வருடம் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று ஆல்பத்திலிருந்து எடுக்கப் போனேன். முடிய மூன்று மாதம் ஆனது. வீட்டில் இந்த மாதிரி ராணுவப் படம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சிக்கல், படத்தின் ஒரு மூலையில் யாரோ பசையும் தடவியிருந்தார்கள். இழுத்தால் கிழியும். மெழுகு தடவாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் மெதுவாக இழுத்தேன். கால் மணி நேரத்தில் விட்டுவிட்டது. தண்ணீர் தொடவே கூடாது, சூடும் காட்டக் கூடாது.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். மறுநாள் கணினியில் 'சுத்தம்' செய்து பளபளவென்று கொடுத்தார்கள். பாராசூட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கிண்ணம் மாதிரி, தரையில் இருந்த ஆட்களுக்கு முகமே இல்லை. கோபம் வந்தது, ஆனால் நானும் என்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தெரிந்தவரிடம் ஸ்கேனர் வாங்கி, எந்தத் திருத்தமும் இல்லாமல் 1200 டிபிஐயில் டிஃப் கோப்பாக எடுத்தேன். பழைய படத்தில் கீறல், புள்ளி, கறை எதையும் முதலில் தொடாதீர்கள். எது கறை, எது செய்தி என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது.

ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் உறுத்தியது. விமானங்களில் சந்தேகம் இல்லை. வாலுக்கு இரண்டு தண்டு நீளும், நடுவில் பெட்டி மாதிரி உடல், அது பேக்கெட்தான், சி-119. இரண்டின் முதுகில் ஒரு புடைப்பு தெரிந்தது. மலை உயரத்தில் இருக்கும் தளங்களில் ஏறி இறங்க அந்த இரட்டை எஞ்சின் பலம் போதாமல், நம் விமானப்படை பேக்கெட்டுகளின் மேல் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சின் பொருத்தியது. படத்தில் இருப்பது நம் நாட்டுப் பேக்கெட் என்பதற்கு அந்தப் புடைப்பு நல்ல அடையாளம். டாங்கைலிலும் பேக்கெட்டுகள் பறந்தன, ஆன்டனோவ்-12, டகோட்டா, காரிபூ எல்லாம் கூடவே பறந்தன. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் தரை? ஒரு ஓரத்தில் ஜீப் நிற்கிறது. அதன் நிழல் சக்கரத்துக்கு அடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. டாங்கைலில் குதித்தது டிசம்பர் மாதம் மாலை நாலரை மணி வாக்கில், பொழுது சாய்கிற நேரம். அந்த நேரத்து ஜீப் நிழல் வயல் தாண்டி நீண்டிருக்கும். அந்த ஊர் வயலும் குளமுமாக இருக்கிற பூமி, போட்ட பளுவான சாமான்கள் சில குளத்துக்குள் விழுந்ததே உண்டு. எங்கள் படத்தில் வறண்ட மண், முட்புதர். இன்னும் பெரிதாக்கினால் இடது கோடியில் ஒரு புள்ளி, நான் பூஞ்சைக் கறை என்றே நினைத்திருந்தேன். அது விரித்த குடை. குடைக்குக் கீழே சேலை கட்டிய ஒரு பெண், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. எதிரியின் பின்புறத்தில் இறங்கும் இடத்தில் குடை பிடித்து வேடிக்கை பார்க்க யார் வருவார்கள்?

தாத்தாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் வேலூர்ப் பக்கம் இருக்கிறார். பாராசூட் மடித்துக் கட்டும் வேலை செய்தவர். படத்தையும் ஸ்கேன் பிரிண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது மல்புராம்மா. ஆக்ரால நாங்க எப்பவும் போடற இடம். தோ பாரு, தரையில துணி விரிச்சு டி எழுத்து. குடும்பத்தைக் கூட்டியாந்து காட்டற நாள் இது." குதிக்கும் இடத்தை விமானத்துக்குக் காட்டும் அந்த டி எழுத்தை நான் பார்த்தும் சாலை என்று விட்டிருந்தேன்.

"அப்ப தாத்தா டாங்கைல்ல இல்லையா ஐயா?" என்று கேட்டேன். குரல் கம்மிவிட்டது.

"குதிச்சவங்கதான் அங்க. நாங்க பேக்கெட்டோட வங்காளத்துல உக்காந்திருந்தோம். உன் தாத்தா ராத்திரி பூரா எஞ்சின் மூடியத் திறந்து வச்சிக்கிட்டு டார்ச் வெளிச்சத்துல வேலை பாத்தாரு. காலையில நான் டீ கொடுத்தா கிளாஸப் பிடிக்க முடியல, கை பூரா ஆயில்."

இதை யாரும் எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது அந்த நீல எழுத்து. அத்தையின் கையெழுத்து என்று அப்பா சொன்னார். அத்தையைக் கேட்டேன். யுத்த சமயத்தில் பேப்பரில் இதே மாதிரி படம் வந்ததாம், பாட்டி அதைப் பார்த்து "இது நம்ம வீட்டுல இருக்கிற படம்தான்" என்றாராம், அதை நம்பி அத்தை ஆல்பத்தில் எழுதினாராம். பாட்டி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. டாங்கைல் குதிப்பன்று பத்திரிகைகளுக்குக் கொடுக்கக் கையில் படம் இல்லாததால், ராணுவ மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த ராம்மோகன் ராவ், ஆக்ராவில் முன்பு நடந்த பயிற்சிக் குதிப்பின் படத்தைக் கொடுத்தார். பழைய படம் என்ற குறிப்பு அதில் இல்லை. உலகப் பத்திரிகைகளில் அது வந்தது, ஒரு பிரிகேடே, 5,000 பேர் இறங்கிவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. இறங்கியது 2 பாரா பட்டாலியனும் துணைப் பிரிவுகளும், ஏறத்தாழ 700 பேர். லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் அவர்கள் பூங்லி பாலத்தைப் பிடித்து, வடக்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையின் வழியை மறித்தார்கள். ஐந்து நாளில் டாக்கா சரணடைந்தது. பேப்பரில் வந்ததும் ஆக்ராவில் எடுத்த படம், எங்கள் ஆல்பத்தில் இருப்பதும் ஆக்ராவில் எடுத்த படம். பாட்டியின் கண் ஏமாறவில்லை, தலைப்புதான் மாறிப்போனது.

கையில் படம் இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள்: படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள், அடிக்குறிப்பு யார் கையெழுத்து, எப்போது எழுதியது என்று கேளுங்கள், கூட வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். நான் போன பெரியவருக்கு வயது 84.

அத்தை எழுதியதை நான் அழிக்கவில்லை, ஆல்பம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் 'மல்புரா, ஆக்ரா. செயல்விளக்கக் குதிப்பு. தேதி தெரியவில்லை' என்று எழுதி, தகவல் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து வைத்தேன். சட்டம் போட்ட படத்தை அப்பா வாங்கிப் பார்த்தார், குடையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் குழந்தை நானா இருக்கலாம்" என்றார். அவர் அப்போது ஆக்ராவில்தான் படித்தார். முகம் அந்த அளவுக்குத் தெளிவில்லை. இப்போது ஆல்பத்தில் அந்தக் காலத்து மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்தச் சேலையைத் தேடி.