பொம்மியின் மூட்டுவலி நாட்குறிப்பு

ஜனவரி 6
பொம்மிக்கு 11 வயது. லாப்ரடார். கொஞ்ச நாளாகவே படுத்து எழுந்ததும் பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொள்கின்றன. சில அடி நடந்த பிறகுதான் இளகுகின்றன. சோபாவில் ஏறுமுன் நின்று யோசிக்கிறாள். உட்காரும்போது இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறாள். இடது முழங்காலை நக்கி நக்கி அந்த இடத்து முடி பழுப்பேறிவிட்டது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை, முனகவும் இல்லை. நாய்கள் பெரும்பாலும் வலியை இப்படித்தான் சொல்லும். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 8
கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் வலது பின்னங்காலைப் பின்னுக்கு நீட்டியதும் பொம்மி தலையைத் திருப்பி அவர் கையையே பார்த்தாள். "இதுதான் அவ வலிக்குதுன்னு சொல்றது" என்றார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுகள் இரண்டிலும் தேய்மானம், இடது முழங்காலிலும் கொஞ்சம்.

வீட்டில் என்ன செய்வது என்று நான் ஆரம்பித்தபோது, முதலில் காரணம் தெரிய வேண்டும் என்றார். நொண்டுவதற்குத் தசைநார் கிழிந்திருக்கலாம், உண்ணிக் கடியால் வந்த நோயாக இருக்கலாம், முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருக்கலாம், எலும்பில் கட்டியும் இருக்கலாம். கிழிந்த தசைநாரை நீவிவிட்டு நாள் கடத்தினால் அவளுக்குத்தானே கஷ்டம்.

கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று ரத்தப் பரிசோதனை செய்த பிறகே நாய்களுக்கான வலி மாத்திரை எழுதினார். எடைக்கு ஏற்ற அளவு, சாப்பாட்டோடு. வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொன்னார்.

ஜனவரி 9
அப்பா கேட்டார்: "ஏம்மா, நம்ம வீட்டு வலி மாத்திரையிலயே பாதி உடைச்சுக் குடுத்தா என்ன?" பாசத்தில் கேட்பதுதான். ஆனால் இதில் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும், ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஆஸ்பிரினையோ ஸ்டீராய்டையோ அவள் சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்தால் குடலில் ஓட்டையே விழலாம். தடவும் களிம்பும் தைலமும் அப்படித்தான். தோலில் பூசியதை அவள் நக்கி விழுங்கிவிடுவாள்.

அப்பாவே எழுந்து மருந்துப் பெட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டார்.

ஜனவரி 13
வீட்டுத் தரை வழவழப்பு. ஒவ்வொரு சறுக்கலிலும் அவள் இடுப்பு வெட்டி இழுப்பதைப் பார்த்தேன். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, அடியில் வழுக்காத விரிப்புகள் போட்டாயிற்று. நகங்களை வெட்டி, பாதத்தின் மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்திருந்த முடியையும் கத்தரித்தோம். முடி அந்த மெத்தையை மூடிவிட்டால் பிடிமானமே இருக்காது. படுக்கைக்கு அழுத்தினால் தரை தட்டாத தடித்த மெத்தை. மாடிப்படிக்குக் கீழே தடுப்பு.

இன்றைக்கே நடை மாறிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகும்போது தயக்கமே இல்லை.

ஜனவரி 19
ஒத்தடமும் நீவுதலும் எங்கள் மாலை வழக்கமாகிவிட்டன.

துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பேன். அங்கே சுரீரென்றால் அவளுக்கும் ஆகாது. இதமாக இருந்தால் நடுவே ஓர் உலர்ந்த துணி போட்டு, இடுப்பின் மேல் 10, 15 நிமிடம். இடையிடையே துணியைத் தூக்கித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வீங்கிச் சுடுகிற மூட்டுக்குச் சூடு கூடாது. புதிதாக அடிபட்டிருந்தால் முதல் இரண்டு மூன்று நாளைக்குத் துணி சுற்றிய ஐஸ்தான், அதுவும் 10 நிமிடம் போதும்.

சூட்டில் தசை இளகிய பிறகு நீவுவது. உள்ளங்கையை முழுசாக வைத்து முடி படிந்திருக்கும் திசையிலேயே தொடையில் மெதுவாக. அப்புறம் விரல்களால் சின்னச் சின்ன வட்டங்கள். எலும்பையும் மூட்டையும் அழுத்துவதே இல்லை. பின்னங்கால் வலிக்கிற நாய் பாரத்தை முன்னங்காலுக்கு மாற்றிவிடும் என்பதால் தோள்தான் அதிகம் இறுகிக் கிடக்கிறது. இடது தோள்பட்டைக்குப் பின்னால் ஓர் இடத்தில் கை வைத்ததும் தோல் துடித்தது. அங்கே கையை அசைக்காமல் கதகதப்பாக வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே சாய்த்தாள்.

உதட்டை நக்கினால், உடம்பு விறைத்தால், கையைத் திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு அவ்வளவுதான். அவள் போதும் என்கிறபோது நான் தொடர்ந்தால் நாளைக்கு என்னை நம்பிப் படுப்பாளா?

பிப்ரவரி 2
எடை. மாத்திரைக்கு அடுத்தபடி இதுதான் பெரிய மருந்து என்று நினைக்கிறேன். விலா எலும்பைத் தடவினால், விரித்த கையின் மேற்புறத்தைத் தடவுவது போலத் தட்டுப்பட வேண்டும். பொம்மிக்கு அழுத்தித் தேட வேண்டியிருக்கிறது.

48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒப்பிடுவதற்காக ஜோடி சேர்த்த நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை, இடைநிலைக் கணக்கில் (வயதுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அதனால் சாப்பாட்டை இப்போது கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். அவள் கெஞ்சும் பார்வையைத் தாங்குவது கடினம், ஆனால் அந்த இடுப்பு சுமக்கும் பாரம் அதைவிடக் கடினம்.

பிப்ரவரி 10
நேற்று அணிலைக் கண்டு பாய்ந்துவிட்டாள். இன்று காலை எழுந்திருக்கவே சிரமப்பட்டாள். மறுநாள் விறைப்பு கூடினால் முந்தைய நாள் ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். ஆனால் முழு ஓய்வு கொடுத்தால் தசை மெலிந்து மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். ஆகவே இன்று வாசல்வரை சின்ன நடைகள் மட்டும், கயிற்றோடு. சரியானதும் பழையபடி 10 நிமிட நடைகள். பந்தெறியும் விளையாட்டுக்குப் பதிலாகப் புல்லில் தீனியை ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்க விடுகிறோம்.

பிப்ரவரி 24
மறுபரிசோதனை. அவள் எழுந்து நடப்பதைப் போனில் எடுத்திருந்த வீடியோக்களை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் நன்றாக நடந்துவிடுகிறாளே! மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா 3 உதவும், அளவை அவர் சொல்வார். மூட்டுக்கென்று விற்கும் துணைச்சத்தான குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலமாக இல்லை என்றார், நாங்கள் வாங்கவில்லை. மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது சொன்னதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்: காலைத் தரையில் ஊன்றாவிட்டால், பின்னங்கால்கள் இழுபட்டால், காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், கழுத்தைத் தொட்டதும் அலறினால் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.